அம்மாக்காரி என்ன தின்னா?

நாமக்கல்லில் செய்தியாளராக இருந்த ஐந்து ஆண்டுகளில், யாரையும் ‘கூமுட்டை’ என்று திட்டாத ஒரே ஒருவரைத்தான் சந்தித்தேன். அந்த ஊரில் அந்த வசவுக்குப் பஞ்சம் கிடையாது. லாரியைப் பின்னால் எடுக்கத் தெரியாதவன் கூமுட்டை. சில்லறை கொடுக்கத் தெரியாதவன் கூமுட்டை. அப்பா மகனைச் சொல்வார். மகன் அப்பாவின் காதில் விழாத தூரத்துக்குப் போய் அப்பாவைச் சொல்வான். ஒருமுறை என் புகைப்படக்காரரை நான் அப்படிச் சொன்னபோது கீழ் வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பொரியாத முட்டைய ஏனுங்க திட்டறீங்க? அது உள்ள உக்காந்துட்டு என்ன பண்ணும்? அம்மாக்காரி என்ன தின்னான்னு போய்க் கேளுங்க.”

நான் குடியிருந்த மாடிக்குக் கீழ் வீட்டுக்காரர் அவர். ஊருக்கு வெளியே ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் மேற்பார்வையாளர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் ரிக் வண்டியோடு வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். பொங்கலுக்குப் பொங்கல் வருவார். தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும்.

பொரிப்பகத்துக்குள் போக வேண்டுமென்றால் தலைக்குக் குளித்தாக வேண்டும். கிருமி உள்ளே போகாமலிருக்க அப்படி ஒரு விதி. வெளியே வந்துவிட்டு மறுபடி நுழைந்தால் மறுபடி குளியல். அக்காவுக்கு டீ இல்லாமல் இருக்க முடியாது. டீயோ வெளியேதான் கிடைக்கும். ஆகவே நாளைக்கு மூன்று குளியல். எந்த நேரம் பார்த்தாலும் ஈரத்தலை, நுனியில் ஒரு முடிச்சு, புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் ரப்பர் பூட்சு. வீட்டுக்கு வரும்போதும் பூட்சைக் கழற்ற மறந்துவிடுவார்.

முட்டையை இயந்திரத்தில் வைத்த இருபத்தோராம் நாள் குஞ்சு வெளிவரும். வாரம் ஒரு தொகுதி, செவ்வாய்க்கிழமை பொரியும்; அதை ஒரு ஈடு என்பார்கள். எல்லோரும் பிறந்த குஞ்சுகளைப் பார்க்க ஓடுவார்கள். அக்கா மட்டும் பொரியாமல் நின்றுபோன முட்டைகளை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உட்காருவார். கரண்டிக் காம்பால் அகன்ற முனையைத் தட்டி, ஓட்டை உரித்து, உள்ளே பார்த்து, “இது பன்னெண்டு நாள்... இது பதினெட்டு... இது கடைசி வரைக்கும் வந்துட்டு மூக்கை நீட்டலை” என்று சொல்லிக்கொண்டே போவார். எந்த நாளில் வளர்ச்சி நின்றது, எப்படி நின்றது என்பதை வைத்துத் தாய்க்கோழியின் தீவனத்தில் என்ன குறை என்று சொல்லிவிடுவார். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படித்தவரில்லை.

“முட்டைக்குள்ள போனதுக்கப்புறம் அது கடைக்குப் போக முடியுமாங்க? அம்மா கட்டிக் குடுத்த சோத்து மூட்டை எவ்வளவோ அவ்வளவுதான். அதுல ஒண்ணைக் கட்ட மறந்துட்டா அது இல்லாமயேதான் கண்ணு முழிக்கோணும், காலு மொளைக்கோணும்.”

இதை அவர் கோழிகளோடு நிறுத்தியிருந்தால் நான் எழுத ஒன்றுமிருந்திருக்காது.

சேலம் போகும் பேருந்தில் ஒரு நடத்துநர் இருந்தார். பயணிகள் அனைவரும் தன்னை அவமதிக்கவே டிக்கெட் எடுப்பதாக நினைப்பவர். ஒருநாள் அவர் ஒரு கிழவரை அதட்டிக்கொண்டிருந்தபோது அக்கா அமைதியாகக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, உங்கம்மாளுக்கு உங்களை உண்டாயிருந்தப்ப வாந்தி சாஸ்தியோ?”

நடத்துநர் கிழவரை விட்டுவிட்டு முன்படிக்குப் போனார். அடுத்த வாரம் அதே பேருந்தில் நாங்கள் ஏறியதும் அவராகவே வந்து தணிந்த குரலில் சொன்னார்: “கேட்டேனுங்க்கா. ஏழு மாசம் வரைக்கும் ஒண்ணும் தங்கலையாம். எலுமிச்சங்காய மோந்துட்டே இருந்திருக்குது.”

“பாத்தீங்களா, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்” என்றார் அக்கா. நடத்துநர் தலையாட்டினார். அதன் பிறகு தன் மேல் தப்பில்லை என்ற தெம்பில் அவர் முன்னிலும் அதிகமாகக் கத்தினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

என் தாயார் ஊரிலிருந்து வந்தபோது அவரும் தப்பவில்லை. பெட்டியை இறக்குவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா யாருக்கும் தெரியாமல் சிலேட்டுக் குச்சி தின்றிருக்கிறார். நாளைக்கு ஒரு பெட்டி. எனக்கு முப்பத்து நான்கு வயதாகும் வரை அவர் யாரிடமும் சொல்லாத செய்தி அது.

“அதானே பாத்தேன்” என்றார் அக்கா. “எழுதற வேலைக்கு வந்துட்டாரு.”

இதையெல்லாம் ஒரு கால்நடை மருத்துவரிடம் சொல்லிக் கருத்துக் கேட்டேன். கோழி விஷயத்தில் அந்த அம்மா சொல்வது முழுக்கச் சரி என்றார். நடத்துநர் விஷயத்தில் தனக்குப் பயிற்சி இல்லை என்றார்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் அக்கா எல்லை தாண்டியதில்லை. “மனுசிக்கு நான் டாக்டர் இல்லீங்க. ஆஸ்பத்திரியில குடுக்கற மாத்திரைய முழுங்குன்னு சொல்றதோட என்ற வேலை முடிஞ்சுது” என்பார். ஆனால் முழுங்கும் வரை நிற்பார். முழுங்கியபின், “ஆ காட்டு கண்ணு” என்று நாக்குக்கு அடியிலும் பார்ப்பார். எங்கள் தெருவில் உண்டாகியிருந்த பெண்கள் அவருடைய பூட்சுச் சத்தம் கேட்டதும் தண்ணீர்ச் செம்பைத் தேடுவார்கள்.

அவருடைய இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பூட்சைக் கழற்றிய ஓர் அபூர்வ நாளில் நான் அதைப் பார்த்துவிட்டதைப் பார்த்தார். “எங்கம்மா ஆட்டையாம்பட்டியில தறியில கெடந்துச்சுங்க. மரவள்ளிக்கெழங்கும் வரக்காப்பியும்தான். அதுல இவ்வளவு வந்ததே பெரிசு” என்று காலை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். குறையாகச் சொல்லவில்லை. நல்ல பொரிப்பு என்று சொல்லும் குரலில் சொன்னார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முட்டைகளில் பாதி பொரியவில்லை.

பொரிப்பகமும் தாய்க்கோழிப் பண்ணையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். நல்ல மனிதர், கோபம் வந்தால் எதையும் இரண்டு தடவை சொல்வார். “மெசினை நீதான பாக்கறே அம்மிணி? நீதான பாக்கறே? சூடு கூடிப்போச்சோ கொறைஞ்சுபோச்சோ, உனக்குத்தான தெரியும்? அடுத்த ஈடும் இப்படி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்க. வேற எடம் பாத்துக்க.” ஈரோட்டிலிருந்து பட்டம் படித்த ஒருவர் வேலைக்கு வரத் தயாராக இருந்தார். அவருக்குப் போனும் பேசியாயிற்று. அக்காவுக்கு அங்கே பதினேழு வருட வேலை.

அன்று மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய போனில் கேமரா உடைந்திருந்தது. நான் குளித்துவிட்டு உள்ளே போனேன்.

“ஆக்சிடென்ட்டுல எடுப்பீங்களே, அந்த மாதிரி கிட்டக்க எடுங்க சாமி.”

தட்டில் இருந்தவை ஏறக்குறைய முழுக் குஞ்சுகள்தாம். ஆனால் உடம்பு ரோமம் விரியாமல், எண்ணெய் காணாத தலைபோலக் கொத்துக்கொத்தாக முடிச்சு விழுந்திருந்தது. கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கி, எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

“இது பீ டூ வைட்டமின் இல்லாத கொறைங்க. மெசின் சூட்டைத்தான் குடுக்கும். சோத்தை அம்மாதான் குடுக்கோணும். இத்தனை அம்மாக்காரிகளும் ஒரே நேரத்துல பட்டினின்னா, பண்ணையில என்னமோ நடந்திருக்குது.”

தட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் புறப்பட்டார். வீடு பண்ணையின் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. முதலாளியம்மா போர்ட்டிகோவில் நின்றிருந்தார்.

“ஏ அம்மிணி, செத்ததைத் தூக்கிட்டு வாசலுக்கு வாரயே, உனக்கு என்ன கிறுக்கா? உள்ள புள்ளத்தாச்சி இருக்கறா!”

அவருடைய மருமகள் அப்போது ஐந்து மாதம். அக்கா தட்டைக் காரின் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, முதலாளியிடம் என் போனிலிருந்த படங்களைக் காட்டினார். தீவனம் கலக்கும் மேஸ்திரியைக் கூப்பிடச் சொன்னார்.

மேஸ்திரி வந்ததும் அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். மக்காச்சோளம் போட்டீர்களா? போட்டேன். சோயா? போட்டேன். கிளிஞ்சல்? போட்டேன். வைட்டமின் கலவை? மேஸ்திரி முதலாளியம்மாவைப் பார்த்தார்.

“அது அந்த ரூமுக்குள்ள இருக்குதுங்க.”

“எந்த ரூமு?” என்றார் முதலாளி. “எந்த ரூமு?”

“கருவாட்டுத் தூள் ரூமுங்க. அம்மா புரட்டாசி ஒண்ணாந்தேதி பூட்டிட்டாங்க.”

தீவனத்தில் சேர்க்கும் கருவாட்டுத் தூள் மூட்டைகளும் வைட்டமின் டிரம்மும் ஒரே அறையில் இருந்தன. டிரம் முழுக்கக் கருவாட்டு வாசனை. முதலாளியம்மா அந்த அறையைப் பூட்டி, பூட்டில் மஞ்சள் கயிறு கட்டி, சாவியைப் பூஜை அறையில் வைத்திருந்தார். முன்பே கலந்து வைத்திருந்த தீவனம் தீர்ந்ததிலிருந்து ஒன்றரை மாதமாகக் கோழிகள் சுத்த சைவமாக, சத்தும் இல்லாமல் இருந்திருக்கின்றன. பார்வைக்குக் கோழிகளிடம் ஒரு மாற்றமும் இல்லை. முட்டையும் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே முதலாளிக்குச் சந்தேகம் வரவில்லை.

“சாமிக்கு நேந்துக்கிட்டேன்” என்றார் முதலாளியம்மா. “இவ நல்லபடியாப் பெத்துப் பொழைக்கற வரைக்கும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள கவிச்சி வராதுன்னு. நாம தின்றதுலயும் வராது, கோழி தின்றதுலயும் வராதுன்னு.”

“கவிச்சியா? பன்னெண்டாயிரம் கோழி நடக்குது, அது கவிச்சி இல்லியா? அது கவிச்சி இல்லியா?”

“அது உசுரோட இருக்குது.”

முதலாளி வாயில் வந்த வசவுகளில் அச்சிடக் கூடியது ஒன்றுமில்லை. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அக்கா குறுக்கே வந்தார்.

“அவங்களைத் திட்டாதீங்க. அம்மா, நீங்க வயித்துல இருந்தப்ப உங்கம்மா என்னங்க சாப்பிட்டாங்க?”

முதலாளியம்மா யோசித்தார். “களி.”

“வேற?”

“களிதான். எங்கப்பாரு ஊட்டுல என்ன, பிரியாணியா போட்டாங்க?”

“பாத்தீங்களா” என்று அக்கா முதலாளியிடம் திரும்பினார். முதலாளி எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் மருமகள் கையில் மோர் டம்ளருடன் கதவருகே வந்து நின்றார். அக்காவுக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

“கண்ணு, ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரைய முழுங்கறியா?”

மருமகள் மாமியாரைப் பார்த்தார். “அது கேப்சூலுங்க்கா. அதோட தோலை எலும்புல பண்றாங்கன்னு வாட்ஸப்புல வந்துச்சு. அத்தை அதையும் எடுத்து...”

“எங்க?”

“அந்த ரூமுலதானுங்க. டிரம்மு மேல.”

நான் அறிந்தவரை அக்கா குரலை உயர்த்தியது அன்று ஒருமுறைதான்.

“கோழிக்கு இந்த ஈடு போனா அடுத்த ஈடு வருமுங்க. இவளுக்கு எத்தனை ஈடு வெச்சிருக்கறீங்க?”

தன் வேலை தொங்கலில் இருக்கும்போது முதலாளியம்மாவிடம் இப்படிப் பேசியது அக்காவுக்கே தாமதமாகத்தான் உறைத்தது என்று நினைக்கிறேன். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். முதலாளியம்மா படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் இவளுக்காகத்தான அம்மிணி பண்ணுனேன். இப்ப நேந்துக்கிட்டதை முறிச்சா, அதுல ஒண்ணு ஆயிட்டா?”

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “முறிக்க வேண்டாமுங்க. கருவாட்டுத் தூள் அப்படியே கெடக்கட்டும், சோயாவக் கூட்டிக்கலாம். டிரம்முல இருக்கறது மீனும் இல்லை, கறியும் இல்லை. பேக்டரியில செஞ்ச பொடி. மருமகப் பொண்ணுக்கு டாக்டரம்மாகிட்டச் சொன்னா, தோலு இல்லாத மாத்திரை எழுதித் தருவாங்க.”

முதலாளியம்மா எழுந்து போய் அறையைத் திறந்தார். டிரம்மைச் சுற்றி வந்தார். “பிஸ்கோத்துப் பொட்டணத்துலகூடப் பச்சைப் புள்ளி போட்டிருக்குது. இதுல காணமே?”

அக்கா கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். சிவப்பு, மெரூன், நீலம் எல்லாம் தள்ளிப் பச்சை ஒன்றைத் தேடிப் பிடித்து, டிரம்மின் நடு நெற்றியில் ஒட்டினார். முதலாளியம்மா தள்ளி நின்று பார்த்தார்.

“அது சின்னதா இருக்குது. பெரிசு வை.”

பெரிய பொட்டு வைக்கப்பட்டது. மஞ்சள் கயிறு டிரம்முக்கு இடம் மாறியது. மேஸ்திரி அதை உருட்டிக்கொண்டு போனார். மருமகளுக்கு அன்று மாலையே மாத்திரை மாற்றி வாங்கினார்கள். குழந்தை பங்குனியில் நலமாகப் பிறந்தது; அதை அந்த மாத்திரையின் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பொட்டு ஒட்டியது சரிதானா என்று கேட்டேன்.

“டிரம்முல என்ன இருக்குதுன்னு நான் பொய் சொல்லலீங்க சாமி. பொட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு அவங்களே பாத்தாங்க.”

ஆனால் அக்காவின் சிக்கல் தீரவில்லை. பட்டினிக் காலத்தில் இட்ட முட்டைகள் ஏற்கெனவே இயந்திரத்துக்குள் இருந்தன. அவற்றை ஒன்றும் செய்ய இயலாது. கோழிகளின் உடம்பில் சத்து ஏறி நல்ல முட்டை வர ஒன்றிரண்டு வாரம். அது பொரிய மூன்று வாரம். அடுத்த ஈடும் இப்படித்தான் இருக்கும் என்று அக்காவே முதலாளியிடம் போய்ச் சொன்னார். அதற்கு அடுத்ததும், அதற்கு அடுத்ததும்.

“நீயே சொல்றயா? நீயே சொல்றயா?”

“அஞ்சு வாரம் குடுங்க. அதுக்கப்புறமும் வரலைன்னா நானே அந்த ஈரோட்டுத் தம்பிக்கு மெசினைச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்.”

அவர் சொன்னபடியே செவ்வாய்க்கிழமைகள் மோசமாகக் கழிந்தன. ஈரோட்டுத் தம்பி ஒருமுறை வந்து, குளிக்கச் சொன்னதும் சளி பிடித்திருப்பதாகச் சொல்லி வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போனார். அக்கா டீயைக் குறைத்துக்கொண்டார், குளியல் இரண்டாயிற்று. தெருவில் யாரிடமும் அவர்களுடைய அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. மாத்திரை முழுங்க வேண்டியவர்கள் தாங்களாகவே வாசலுக்கு வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் செவ்வாய் மார்கழியில் வந்தது. தானும் பார்க்க வேண்டும் என்று முதலாளியம்மா பிடிவாதமாக வந்துவிட்டார். விடியற்காலையில் கோயிலுக்காகக் குளித்தவர், பொரிப்பகத்து வாசலில் மறுபடி குளித்தார். பட்டுப் புடவையை விட மாட்டேன் என்றதால் அதன் மேலேயே வெள்ளைக் கோட்டு மாட்டினார்கள். ரப்பர் பூட்சு இரண்டும் இடது காலுடையதாகக் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். என் போனும் குளிக்காத குறைதான். மருந்துத் துணியால் துடைத்த பிறகே விட்டார்கள்.

கதவைத் திறப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. தட்டுத் தட்டாக மஞ்சள். நேரான கால்களில் எழுந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. முதலாளி ஒரு தட்டைப் பார்த்தார், இன்னொரு தட்டைப் பார்த்தார்.

“அம்மிணி, வெசாழக்கெழம முட்டை வண்டி வருது. நீயே நின்னு எறக்கிக்க” என்றார். ஒரே தடவைதான் சொன்னார். ஈரோட்டுக்குப் போன் போட வெளியே போனார்.

அக்கா குஞ்சுகளிடம் நிற்கவில்லை. பொரியாதவற்றைப் பொறுக்கிக்கொண்டு தன் பெட்டியில் போய் உட்கார்ந்தார். தட்டின் ஒரு மூலைகூட நிறையவில்லை. எதிரே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு முதலாளியம்மாவும் உட்கார்ந்தார். அவர் குஞ்சுகளை ஒருமுறைதான் பார்த்திருந்தார். கரண்டியை வாங்கி, ஒரு முட்டையை அவரே தட்டி உரித்தார். உள்ளே முழுசாக வளர்ந்த குஞ்சு. ரோமம் விரிந்திருந்தது. விரல்கள் நேராக இருந்தன. ஆனால் உயிரில்லை.

“இது ஏன் அம்மிணி போச்சு?”

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

“தெரியலீங்க.”

“தெரியலையா? இத்தனை வருசமா இதைத்தான பாத்துட்டு இருக்கறே?”

“ஆமாங்க. அம்மாக்காரி நல்லாத்தான் தின்னிருக்கறா. மெசினும் நல்லாத்தான் ஓடுச்சு. சிலது அப்படிப் போயிருமுங்க.”

முதலாளியம்மா அந்தக் குஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அதை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இதைத் தனியா ஒரு போட்டோ எடுத்துக்குங்க. இது நான் பண்ணுனது இல்லை.”